வெள்ளறடைக் கணினியில் பிழை இல்லை

இன்று காலை ஒரு இணையதளச் சோதனையின்போது திரையில் மூன்றாவது கணினிக்கான வரி மட்டும் வெறுமையாக நின்றது. அந்தப் பக்கம் இருந்தவள் புதிதாகச் சேர்ந்த பெண். அவளைத் திட்டி எழுதத் தொடங்கிய விரல்கள் நின்றுவிட்டன. என் பக்கத்தை முதலில் பார்த்தேன். இன்று தவறு அவளுடையதுதான், அவளிடம் மெதுவாகச் சொன்னேன். ஆனாலும் உட்கார முடியவில்லை. உன்னிடம் பேச வேண்டும்.

நெய்யாற்றின்கரையில் ஒரே பெஞ்சில் படித்து, ஒரே நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் நாம். ஒருநாள் ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுத் தளத்தைச் சோதித்தோம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழைந்தால் அது தாங்குமா என்று பார்க்க, மூன்று கணினிகள் சேர்ந்து அதன்மேல் மோத வேண்டும். இரண்டு அமரவிளையில் என் வீட்டில். மூன்றாவது வெள்ளறடையில் உன்னிடம். என் மடிக்கணினியிலிருந்து கட்டளை போனது. உன்னிடமிருந்து ஒரு எண்கூடத் திரும்பவில்லை. மறுநாள் முடிவு வெளியாக வேண்டும்.

போனில் கத்தினேன். "மிஷினை ஆஃப் செய்துட்டு எங்க போன?"

"இங்கதான் உண்டு. இது ஓடுதாக்கும்," என்றாய். "உனக்க ஃபயர்வாலை ஒண்ணு பாரு மக்கா."

பார்க்கவில்லை. 'வெள்ளறடைக் கணினியில் பிழை' என்று அலுவலகக் குழுவில் எழுதிவிட்டேன். நீயும் விடவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கவைத்தாய். என் ஃபயர்வால் வீட்டு வைஃபையில் இருந்த இரண்டை மட்டும் உள்ளே விட்டிருந்தது. வெளியிலிருந்து வந்த உன் பதில்களை வாசலிலேயே தடுத்திருந்தது. திறந்ததும் எண்கள் வந்து விழுந்தன.

"கிட்டிச்சா?"

"கிட்டிச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். குழுவில் எழுதியதைத் திருத்தவில்லை. அடுத்த வேலையில் உன்னைச் சேர்க்கவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை. புற்றுநோய் என்று சொன்ன ஸ்கேன் முடிவை அன்று கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினாய் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின்னும், சொல்லிக்கொள்ளலாம், நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். உனக்கு இருந்தது ஏழே மாதம்.

அன்றைய பிழை உன்னுடையதல்ல, என்னுடையது என்று போன வாரம் மேலாளருக்கு எழுதினேன். இனி அதைத் திருத்தி என்ன என்று பதில் வந்தது. பொறுக்காமல் பஸ் ஏறி உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பாலில்லாத கட்டன்சாயா தந்து, எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் காரியம் ஒண்ணும் தெரியாது மக்கா. அவ இருக்கும்போ வந்து சொல்லியிருக்கலாமே."

கோபமில்லாமல்தான் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் கேட்டதற்கான பதிலைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.