தும்போணான்

கொடிகாமம்,
17.02.1980

அன்புள்ள மகன் பஞ்சலிங்கத்துக்கு,

நாங்கள் இருவரும் இங்கே சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நாள்தோறும் கும்பிடுகிறோம். அம்மாவின் முழங்கால் வருத்தம் கொஞ்சம் குறைவு, பின்வளவு முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. உன் கடிதமும் படமும் போன வியாழன் கிடைத்தன. சனிக்கிழமைகளில் கூட்டாளிகளோடு மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, கற்பனை வீரர்களையும் பூதங்களையும் வைத்துக் கதை விளையாடுகிறோம் என்று எழுதியிருந்தாய். அதற்கு நீயே உண்டாக்கிய குட்டி ட்றாகன் என்று படமும் கீறியிருக்கிறாய். பூனையளவு உடம்பு, ஓணானின் தலை, தும்பியைப் போல நாலு மெல்லிய சிறகு. கிணற்றுப் பொந்தில் இருக்கும், மந்திரம் தெரியும், விளிம்புக்கு வரும் பிள்ளையை வாலால் சுற்றிப் பின்னுக்கு இழுத்துவிடும் என்று எழுதித் தும்போணான் என்று பெயரும் வைத்திருக்கிறாய். ட்றாகனுக்கு ஏன் தும்பிச் சிறகு என்று அவர்கள் சிரித்தார்களாம், உனக்கும் காரணம் தெரியவில்லையாம்.

எனக்குத் தெரியும், மகன். அந்தப் பெயரை வாசித்ததும் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். உனக்கு ஒரு அக்கா இருந்தாள், குணலட்சுமி. அப்போது நாங்கள் கோப்பாயில் இருந்தோம், அவளுக்கு ஏழு வயது, உனக்கு மூன்று. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிவாள். கிணற்றுக்குள் தும்போணான் இருக்குது, நீ சாப்பிடாட்டில் அதுக்கும் பசிக்கும் என்று சொல்லித்தான் உனக்குச் சோறு தீத்துவாள். தும்பியையும் ஓணானையும் சேர்த்து அந்தச் சொல்லை அவளே கட்டினாள், வேறு எவர் வாயிலும் நான் கேட்டதில்லை. ஐம்பத்தொன்பதாம் ஆண்டு மார்கழி மழையில் தோட்டக் கிணறு விளிம்பு முட்டி நின்றது. நான் புகையிலைக் கன்று நட்டுக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியில். உன் அழுகை கேட்டு ஓடி வந்தால் நீ மட்டும் கிணற்றடியில் மல்லாந்து கிடக்கிறாய், அவள் தண்ணீருக்குள். உன் இடக்கையில் நகங்கள் ஆழமாகப் பதிந்து இரத்தம் வந்தது. கம்பிவேலி கீறிய தழும்பு என்று உனக்குச் சொல்லி வைத்தது பொய். எட்டிப் பார்த்த உன்னை இழுத்து எறிந்துவிட்டு அவள் சறுக்கியிருக்க வேண்டும், கண்டவர் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு ஒரு வருடம் நீ வாய் திறந்து கதைக்கவில்லை, கிணற்றைக் கண்டால் நடுங்குவாய், அதனால்தான் அந்தக் காணியை விட்டு இங்கே வந்தோம். அவளுடைய சட்டைகளைப் பெரியப்பா ஏரம்பு வீட்டில் கொடுத்துவிட்டு, இனி அவள் பெயரை எடுப்பதில்லை என்று அம்மாவும் நானும் சத்தியம் செய்தோம். நீ பிழைத்தால் போதும் என்று இருந்தது. இதையும் மறைத்திருப்பேன், ஆனால் அம்மா படத்தை என் சட்டைப்பையில் கண்டுவிட்டாள். "இதை ஆர் கீறினது?" என்று கேட்டாள். சொன்னேன். படத்தின் சிறகுகளை விரலால் தடவிவிட்டு, "பிள்ளைக்கு மறக்கேல்லை, நாங்கள்தான் மறந்த மாதிரி நடிச்சம்" என்றாள். அன்றிலிருந்து இந்த வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போகும்போது குனிந்து பொந்துப் பக்கம் ஏதோ கதைக்கிறாள், நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுகிறாள். நேற்று, காற்றே இல்லாமல் தண்ணீர் அலைந்ததாம். நான் காணவில்லை, ஆனாலும் போய் எட்டிப் பார்த்தேன்.

உன்னில் ஒரு பிழையும் இல்லை, அதை நினைத்து நித்திரையைக் கெடுக்காதே. இன்று காலை அடுத்த வளவுக்குப் புதிதாகக் குடிவந்த ஸ்ரெல்லா ரீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இவ்வளவு காலமும் ஒன்று என்றுதான் அம்மா சொல்வாள். "ரெண்டு, மூத்தது பெட்டை, பேர் குணலட்சுமி" என்று இன்று சொன்னாள். மண்வெட்டியோடு நின்ற எனக்கும் அது கேட்டது.

அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அக்காவைப் பற்றிக் கேட்டு எழுது, மறந்துவிடாதே. முருகன் துணையோடு நீ நீண்டகாலம் நல்லாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
வ. தம்பிஐயா