பூம்புனலாற்று மணலுக்கு நடந்து வருவோம்

நலம் ஓங்குக. மலையில் மழையும் கழியில் மீனும் குறையாதிருக்க.

திண்மலை நாட்டை ஆளும் கோ அடலேறன், கழிமுக நாட்டின் அரசியும், உப்பளங்களுக்கும் கலங்கரை விளக்கங்களுக்கும் காவலும், நம் தந்தையாரின் இளைய மகளுமாகிய கோமகள் அல்லியங்கோதையாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் அவையும் படையும் துறைகளும், தங்கள் நிழலில் வாழும் குடிகள் யாவரும் நலமுற்றிருக்க விழைகிறோம்.

முறைப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டோம். இனி நீ என்றே எழுதுகிறோம், தங்காய். இதை எழுதும் ஓலைநாயகர் முகம் சுளிக்கிறார், சுளிக்கட்டும்.

நம் இரு நாடுகளுக்கும் இடையே ஓடும் பூம்புனலாற்றின் கோடை மணலில், பல்லக்கும் குதிரையும் இன்றி, இரு கரை அரசரும் தம் காலால் நடந்து வந்து, நடுவே ஓடும் நீரை ஒருவர் கையில் ஒருவர் வார்த்துக் குடித்தால்தான் உடன்பாடு செல்லும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. மேலணை உடைந்த ஆண்டில், வெள்ளத்தில் குதிரை சரிந்து எம்மேல் விழுந்து வலது முழங்காலும் இடுப்பு மூட்டும் நொறுங்கியபின், அந்த மணலுக்கு வர எம்மால் இயலவில்லை. அதை மறைக்காமல் உனக்கு எழுதினோம். அணைநீர்ப் பூசலால் முன்னமே கசந்திருந்த உன் அவையோர் அதைச் சாக்கு என்று கொண்டார்கள். உடன்பாடு முறிந்தது, துறைகள் அடைபட்டன. உன் கரையில் வாழ்க்கைப்பட்ட எம் நாட்டுப் பெண்கள், தாய்வீட்டுச் சாவுக்கும் வர இயலாமல் அக்கரையிலேயே நின்று அழுததைக் கரைக்கோட்டைச் சாளரத்திலிருந்து யாம் கண்டோம்.

எப்படியேனும் நடந்தாக வேண்டும் என்று அன்று உறுதி கொண்டோம். படைக்கலக் கொல்லர்கள் முதலில் எம் காலுக்கு இரும்புச் சட்டம் அடித்துத் தந்தார்கள். நிற்க முடிந்தது. ஆனால் முற்றத்தைக் கடப்பதற்குள், காலைச் சுமப்பதை விட அந்த இரும்பைச் சுமப்பதே பெரும்பாடாயிற்று.

அதைக் கண்ட எம் கம்மியத் தலைவி வேம்பி சட்டத்தைக் கழற்றி மூலையில் போட்டாள். நாழிகைப் பொறிகள் செய்வதில் பெயர் பெற்றவள். எம் முகத்துக்கு நேரே எதையும் சொல்பவள். “பாதத்துல ஒரு பிடி பாரம் வெச்சா, இடுப்புல ஒரு கூடை வெச்ச மாதிரி. அதான் மகாராசாவுக்கு மூச்சு வாங்குது” என்றாள். கனத்தையெல்லாம் இடுப்புக்கு ஏற்றினாள். நாழிகைப் பொறியில் உள்ளது போன்ற மெல்லிய எஃகுச் சுருளை அரைக்கச்சையில் பொருத்தினாள். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பிளந்த பிரம்பும் பட்டுத்துணியும் மட்டுமே. சுருளை முறுக்கி விட்டால், ஒரு சிறு பல்சக்கரம் சுழன்று, காலை எடுக்கும் வேளையில் பட்டுக்கயிற்றை இழுத்து மூட்டைத் தூக்கிவிடும். முழுவதையும் ஒரு கையால் எடுத்துவிடலாம்.

ஆயினும் அதை அணிந்து நடந்த முதல் நாளிலேயே அவை முழுதும் பார்த்திருக்க யாம் குப்புற விழுந்தோம். அரண்மனைக் காவலர் நடக்கும் நடையை அளந்து வேம்பி சக்கரத்தின் பற்களை அராவியிருந்தாள். எம் கால் எழ நினைக்கும் முன்பே கயிறு இழுத்துவிட்டது. அவள் தரையில் அமர்ந்து, எம் முழங்காலைத் தன் முன்றானையால் துடைத்துக்கொண்டே, விழுவதற்கு முன் மன்னர் எப்படி நடப்பார் என்று அவையோரைக் கேட்டாள். புலவர் சிங்கம் போல் என்றார். அமைச்சர் யானை போல் என்றார். “சிங்கத்துக்கும் யானைக்கும் நான் பொறி செய்யலீங்க. இவரு எப்படி நடந்தாரு? அதச் சொல்லுங்க” என்றாள். எவருக்கும் தெரியவில்லை. எமக்கும் தெரியவில்லை, தங்காய். தன் நடையைத் தானே கண்டவர் யார்?

அந்த வேனிலில்தான் உன் மகள் கயற்கொடி வந்தாள். எம் நோய் மெய்யா பொய்யா என்று நேரில் கண்டுவர நீ அனுப்பிய தூது அது என்பதை அறிவோம். அதில் குறை காணவில்லை. வாயிலிலிருந்து அரியணை வரை அவள் நடந்து வந்தாள். இடத்தோள் சற்றே முந்துகிறது. வலக்கால் ஒரு கணம் தயங்கிப் பின் வெளிப்புறமாக வளைந்து வருகிறது. யாம் இருக்கையின் பிடியைப் பற்றிக்கொண்டோம்.

நம் தந்தையார் அப்படித்தான் நடந்தார். நீயும் அப்படித்தான். சுனைக்குப் போகும் பாறைவழியில் நீ முன்னே செல்வாய். உன் ஈரச் சுவடுகள் காயுமுன் அவற்றின்மேல் எம் அடிகளை வைத்து வருவோம். பொருந்தவில்லையென்றால் அழித்துவிட்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து வரச் சொல்வாய். நம் அன்னையார் மாடத்திலிருந்து பார்த்து, இரண்டும் அவர் நடையையே திருடிக்கொண்டன என்று தந்தையாரிடம் முறையிடுவார். அந்நாட்களில் வெயில் என்பது நினைவிலேயே இல்லை. சுனைநீரின் குளிர்தான் இருக்கிறது. நீ மணமாகிக் கழிமுகத்துக்குக் கலமேறிய அன்று, பலகைமேல் நடந்து போகும் உன் முதுகைத்தான் கண்டோம். அந்நாளில் மணலுக்கு உன் கணவரே வந்ததால், அதன்பின் அந்த நடையை எங்கும் காணவில்லை.

மீண்டும் ஒருமுறை நடக்கும்படி உன் மகளை வேண்டினோம். எள்ளுகிறோம் என்று எண்ணிவிட்டாள். தூது வந்தவளை நடக்கவிட்டுப் பார்ப்பது எந்த நாட்டு முறை என்று கேட்டாள். உன் சினமும் அப்படியே இருக்கிறது. யாம் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினோம். தொடை மெலிந்து கம்பாகக் கிடப்பதைக் கண்டாள். பிறகு, “மாமா, எங்க நடக்கணும், சொல்லுங்க” என்றாள்.

முற்றத்தில் ஆற்றுமணல் பரப்பச் செய்தோம். கயற்கொடி நடக்க, வேம்பி மண்டியிட்டுச் சுவடுகளைக் கயிற்றால் அளந்தாள். பின் அப்பொறியை உன் மகளே அணிந்து நடந்தாள். எங்கே முந்துகிறது, எங்கே பிந்துகிறது என்று சொல்லச் சொல்ல, வேம்பி பற்களை அராவினாள். பெண்கள் இருவரும் சில நாள் சண்டையிட்டார்கள். சில நாள் ஒரே இலையில் உண்டார்கள். இறுதியில் வேம்பி ஒரு தடையும் சேர்த்தாள்: எம் கால் தானாக முனைந்தாலன்றிச் சக்கரம் அசையாது. “நடக்கிறது நீங்க. இது கூட வரும், அவ்ளோதான்” என்றாள்.

மறுபடியும் அணிந்தோம். வலக்கால் தயங்கியது, பொறியும் தயங்கியது. கால் வளைந்து வந்தது. கயிறு தோழனைப் போல் உடன் வந்தது. மதில்வரை சென்று திரும்பினோம். பலகாலம் பூட்டிக் கிடந்த நம் பழைய வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது போலிருந்தது. அமைச்சர் அழுதார். அவையோர் வாழ்த்தத் தொடங்கியபோது கையமர்த்தினோம். எம் காலடியின் ஓசையைக் கேட்க விரும்பினோம்.

அன்று மாலை உன் மகள் எம் அருகில் அமர்ந்து ஒன்று சொன்னாள். “அம்மாவும் இப்ப சுவரப் பிடிச்சுக்கிட்டுத்தான் படியேறுறாங்க மாமா. யாரையும் பார்க்க விடமாட்டாங்க.” அவளைக் கடியாதே, தங்காய். எமக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வலியும் ஒருங்கே வந்தன. உன்னை இத்தனை காலமும் பாறைவழியில் ஓடுபவளாகவே எண்ணியிருந்தோம்.

ஆதலின் கயற்கொடி சொன்ன உன் அளவுக்கு மற்றொரு பொறி செய்வித்து, மான்தோலில் பொதிந்து, இவ்வோலையுடன் விடுக்கிறோம். சுருளை முறுக்கும் முறையைக் கயற்கொடி அறிவாள். அணிய மனமில்லையெனில் அணிய வேண்டா. மெல்ல நடந்து வா. அணையைப் பற்றிய வழக்கை மணலில் அமர்ந்தே பேசுவோம். யார் பக்கம் நியாயம் என்றாலும் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பதில்லை.

வரும் வேனிலின் முதல் முழுநிலா நாளின் காலையில், வெயில் ஏறுமுன், யாம் எம் கரையிலிருந்து இறங்குவோம். எம் கரைக் காவலர்க்கும் துறைத்தலைவர்க்கும் இட்ட ஆணையாவது: குடையும் கொம்பும் முரசும் மணலுக்கு வரலாகாது, பல்லக்கு கண்ணில் படுமிடத்தில் நிற்கலாகாது, எம்மைத் தாங்க எவரும் கை நீட்டலாகாது, விழுந்தாலும் யாமே எழுவோம், யாம் நீர் குடித்து நிமிர்ந்த அக்கணமே இரு கரைப் பெண்டிரும் கடக்கும்படி துறைகளைத் திறந்துவிடுக.

இவ்வாணை மாறாதிருக்க எம் கைச்சாத்தும் திண்மலை இலச்சினையும் இட்டோம். எழுதியவர் ஓலைநாயகர் பரிதிக்கண்ணனார். உடனிருந்து கேட்டவர்கள் கம்மியத் தலைவி வேம்பியும் உன் மகள் கயற்கொடியும்.

எவர் நடுவாற்றை முதலில் அடைந்தாலும், மற்றவர் வரும்வரை நின்று பார்த்திருக்கக் கடவர்.