“பிறகு” பொத்தான்

ஒக். 7, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கடை திறந்து கம்பியூட்டரைப் போட்டால் அதே அறிவிப்பு: புது இயங்குதளத்துக்கு மாறுங்கள், பழையதற்கு ஆதரவு முடிகிறது. “பிறகு” அழுத்தினேன். ஒரு வருஷமாக அதே அழுத்தல்தான்.

மாறினால் கிழட்டு பிரிண்டர் ஓடாதாம். கலியாண கார்ட் எல்லாம் அதில்தான். மாறாவிட்டால் அரசாங்க இணையப் பக்கங்கள் திறக்காது. பாஸ்போட் வேலையெல்லாம் எதிர்க் கடைக்கு. கடை படுத்தால் வீட்டுக்காரர் திரும்பக் கட்டாருக்கு வேலைக்குப் போவார். மகள் இப்போதுதான் வாப்பா மடியில் ஏறப் பழகியிருக்கிறாள்.

ஒக். 8, புதன்
முந்தல் ஊரிலிருந்து ஓர் உம்மா, மகளின் நிக்காஹ் கார்டுக்கு. “தங்கப்பூ போட்டு அடிச்சித் தாங்க மகள்.” இந்த நேரத்தில் எப்படி மாறுவது?

வாங்க வேண்டியது: முட்டை, பாண், பிரிண்டர் மை.

எது நல்லது என்று அல்லாஹ்விடமே கேட்போம் என இஸ்திகாரா தொழுதேன். இவருக்குச் சிரிப்பு. “சம்பந்தம் பேசத்தான் இஸ்திகாரா தொழுவாங்க. நீ கம்பியூட்டருக்குத் தொழுறியா?”

“ஏன், அல்லாஹ்வுக்குக் கம்பியூட்டர் தெரியாதா?”



ஒக். 9, வியாழன்
தொழுததற்குப் பதிலாய்க் கனவு ஒன்றும் வரவில்லை. மனசு மட்டும் மாறு மாறு என்கிறது. முந்தல் கார்டுகளை அடித்து முடித்தாயிற்று. தங்கப்பூ நல்ல வடிவு.

ஒக். 10, வெள்ளி
ஜும்ஆவுக்குக் கடை சாத்தும் நேரம். பிஸ்மி சொல்லி “இப்போது” அழுத்தினேன். இவர் தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்தபோதும் திரையில் வட்டம் சுற்றியபடி.

அஸர் தொழுகைக்கு முன் முடிந்தது. பிரிண்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடித்தது! அரசாங்கப் பக்கமும் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ். வெட்கமில்லாமல் அழுதேன். இனி இவர் எங்கும் போகத் தேவையில்லை.

ஒக். 11, சனி
மழை. இவர் எனக்குப் பிடித்த இனிப்பு, தொதல், வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

“பாஸ்போட் பக்கம் இப்ப திறக்குது தானே? என்டதப் புதுப்பிக்கணும்.”

“என்னத்துக்கு?”

“கட்டார் ஏஜென்சிக்காரன் போன்ல கோல் எடுத்தான். வீட்டுக் கூரை வேல அப்படியே கிடக்குது.” தொதலை என் பக்கம் தள்ளி, “நானும் இஸ்திகாரா தொழுதன். போகத்தான் மனசு சாயுது.”

பாஸ்போட் பக்கத்தைத் திறந்தேன். பெயர், முகவரி, எல்லாம் தட்டினேன். புதுத் திரை, பளிச்சென்று. கடைசியில் கேட்டது: இப்போது அனுப்பவா, பிறகா?

“பிறகு” அழுத்தினேன்.