பயணத்தில் ஒரு சின்ன மாற்றம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆர்லீன் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மேற்கு வர்ஜீனியாவில் இன்னும் பனி கொட்டுகிறதா?

ஏப்ரலில் நாம் போகவிருக்கும் பயணத்தில் ஒரு சின்ன மாற்றம். பேர்ட்ஸ்டவுன் போர்பன் விஸ்கி ஆலைக்குக் கட்டாயம் போவோம். லெக்சிங்டன் குதிரைப் பந்தயம் மட்டும் வேண்டாம். குட்டியாகப் பிறந்ததிலிருந்து நான் வளர்த்த மேப்பிளை முதலாளி விற்றுவிட்டார். அவளுடைய முதல் ஓட்டத்தைப் பார்க்கத்தானே இந்தப் பயணமே? குதிரை அவருடையது, விற்கட்டும். ஆனால் என்னோடு லாயத்தில் வேலை செய்யும், நம்மைக் காரில் கூட்டிப்போவதாக இருந்த டுவைட், புது முதலாளியிடம் அவளைப் பராமரிக்கும் வேலையை எப்போதோ பேசி முடித்திருக்கிறான். அது தெரியாமல் தினமும் அவனோடு உட்கார்ந்து எந்த வழியாகப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

"சொல்லியிருந்தா அந்த வேலைய நீ கேட்டிருப்ப, ஆர்லீன்."

நேற்று மேப்பிள், அவளைக் கொண்டுபோக வந்த வண்டியில் ஏற மறுத்து உதைத்தாள். டுவைட் என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை. அவன் சாட்டையை எடுத்ததும் பொறுக்க முடியாமல், நானே அவள் கழுத்தைத் தடவி ஏற்றிவிட்டேன். என்னை நம்பித்தான் ஏறினாள், அப்பா.

வரும்போது அம்மாவின் கம்பளிப் போர்வையைக் கொண்டுவாருங்கள். காரை நானே ஓட்டுகிறேன். முடிந்தால் மார்ச்சிலேயே வந்துவிடுங்களேன். தீவனம் வைக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்,
ஆர்லீன்