இலையில் இருந்த வெள்ளைப் புள்ளிகள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலமா? போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் எழுதுகிறேன். உன் பண்ணையிலிருந்து வந்த கொடிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். மருந்துக்கு வேண்டிய ஆல்கலாய்டு என்ற வேதிப்பொருள் துளிகூட இல்லை. இந்தக் கொடியில்தான் அது ஊறுகிறது என்று ஆறு வருடமாக ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். நேற்று நாற்றுப்பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் சோதனை முடிவைக் கேட்டு எல்லோரும் என்னை மடக்கினார்கள். உன் பண்ணையில் இனத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். உடன்பிறந்தவன் என்பதற்காகப் பூசி மெழுக முடியுமா? ஏன்டா இப்படிச் செய்தாய்?

கோபம் குறையாத,
அக்கா

பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கூட்டத்தில் பேசியது உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கெட்ட செய்திக்கு யார் தபால்தலை ஒட்டுகிறார்கள்?

நான் இனத்தை மாற்றவில்லை. உன் பழைய கொடியின் விதைதான் அது. போன தடவை இலையில் வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, சீக்குச் செடியை என் தலையில் கட்டாதே, மருந்தடித்துச் சுத்தமாக அனுப்பு என்று கத்தினாயே. அதனால்தான் இந்த முறை விதையைப் பூஞ்சைக்கொல்லியில் ஊறவைத்து, தளிரிலும் தெளித்து, ஒரு புள்ளியில்லாமல் வளர்த்தேன். அக்கா அசந்துபோவாள் என்று இவளிடம் பெருமையடித்துக்கொண்டேன். இப்போது பழைய வாடிக்கையாளர்கூட ரோஜாக் கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது ரோஜாதானே?" என்கிறார். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மருந்து படாத பழைய இலைகளை எடுத்து அந்தப் புள்ளிகளை ஆராய்ந்தேன். அது சீக்கு இல்லையடா. கொடியோடு சேர்ந்து வாழும் பூஞ்சை. விதை வழியாகவே அடுத்த செடிக்குப் போகிறது. ஆல்கலாய்டைச் செய்யும் மரபணு அந்தப் பூஞ்சையில்தான் இருக்கிறது, கொடியில் இல்லை. கொடி அதற்கு இடமும் சாப்பாடும் கொடுக்கிறது, அவ்வளவுதான். சமைத்துப் போடுகிறவனையே சீக்குக்காரன் என்று துரத்தச் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்னதைத்தான் நீ செய்தாய். வெட்கத்தில் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு. கூட்டத்தில் இதைச் சொல்ல இப்போது தைரியம் வரவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று பார்க்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

கொஞ்சம் ஆறட்டும் என்கிறீர்கள். இங்கே வாங்க ஆளில்லாமல் நாற்றுகள் பைக்குள்ளேயே வேரோடிக்கொண்டிருக்கின்றன. என்னை ஏமாற்றுக்காரன் என்று சொன்னது மைக்கில். மன்னிப்பு மட்டும் உறைக்குள் வைத்து ஒட்டி வருகிறது. இவள் படித்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சொன்ன இடத்தில் சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

ஏப்ரல் 16

தம்பிக்கு,

நேற்று அதே கூட்டத்தில் சொல்லிவிட்டேன். முதலில் பூஞ்சையைப் பற்றிப் பேசினேன், படம் காட்டினேன். நன்றாகக் கைதட்டினார்கள். அதோடு இறங்கிவிடலாம் என்று ஓர் ஆசை வந்தது; உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு மறுபடி மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"என் தம்பி செடியை மாத்தல. அந்தப் பூஞ்சையைக் கொல்லச் சொன்னது நான். தெரியாம அவன்மேல பழி போட்டேன். தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்காம இருந்தேன்."

தேநீர் வேளையில் யாரும் என் பக்கம் வரவில்லை. கோப்பையோடு சுவரைப் பார்த்தபடி நின்றேன். இத்தனை நாளும் நீ பண்ணையில் எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

நானாக அங்கே வர எனக்கு முகமில்லை. நீ கூப்பிட்டால் வருகிறேன்.

அக்கா