ஹெல்கா பிழைத்த பக்கங்கள்

அக்கா,

உங்கள் செத்தவீடு முடிந்த மறுகிழமை உங்கள் மகன் அந்த ஐஸ்லாந்துக் கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தான். "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவா" என்றான். திறந்ததும் பழைய தாளின் வாடை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த காலம் அப்படியே வந்துவிட்டது; அந்த நாள்களின் பயமும் கூடவே வந்தது.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. குண்டு விழும் என்று சனம் கொழும்பை விட்டு ரயிலேறிக்கொண்டிருந்தது. முதல் பிள்ளையை ஆறாம் மாதத்தில் இழந்த எனக்கு மறுபடியும் ஆறாம் மாதம். யாழ்ப்பாணத்துக்குப் பயணமே கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். இவருக்கோ துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. சைரன் ஊதுமோ ஊதுமோ என்று சோறும் இறங்காது எனக்கு. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒரு மத்தியானம் தையலை ஒதுக்கிவிட்டு அந்தப் புத்தகத்தோடு வந்தீர்கள். நீங்கள் கொன்வென்டில் படித்தவர். எனக்கு இங்கிலீஷில் ஓரெழுத்தும் தெரியாது. கண்ணால் இங்கிலீஷில் வாசித்து, வாயால் தமிழில் சொன்னீர்கள்.

ஒரு வீட்டின் நாலு தலைமுறைக் கதை. பாதிப் பேருக்கு ஒரே பெயர். எனக்குத் தலை சுற்றியதும் உங்கள் பொத்தான் பெட்டியைக் கவிழ்த்து, ஆளுக்கொரு பொத்தானாகப் பாயில் அடுக்கிக் காட்டினீர்கள். கோடையில் பொழுதே படாத ஊர் என்றீர்கள். "அப்ப எப்பதான் அக்கா விளக்கேத்துறது?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன்.

பிறகு அந்த வீட்டு மருமகள் ஹெல்காவுக்குப் பிரசவ நோ கண்டது. வெளியே பனிப்புயல். மருத்துவச்சி வந்துசேரவில்லை. நீங்கள் சட்டென்று நிறுத்தினீர்கள்.

"என்னக்கா? அவளுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை பிள்ளை. எழுத்து சின்னன்." பக்கத்தைப் புரட்டினீர்கள். "தப்பிட்டாள். பொம்பிளைப் பிள்ளை."

"உண்மையாவோ?"

"மாதா மேல சத்தியம்."

அதன்பின் ஹெல்கா மாமியாரோடு சண்டை பிடித்தாள். புருசன்மேல் கோபத்தில் மீனைக் கருகவிட்டாள். மகளுக்குக் கம்பளி நூற்கப் பழக்கினாள். ஒருநாள் காலையில் சைரன் மெய்யாகவே ஊதி, துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டபோது, படிக்கட்டுக்குக் கீழே என் கையைப் பிடித்தபடி புத்தகம் இல்லாமலே அவள் கதையைச் சொன்னீர்கள். பின்னேரம் இவர் கரிபடிந்த சட்டையோடு வந்துசேர்ந்தார். மூன்று மாதத்தில் என் மகள் பிறந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளோடு இருந்து நானும் இங்கிலீஷ் படித்துக்கொண்டேன். அதனால் இந்தப் புத்தகத்தை நானே வாசித்தேன்.

ஹெல்கா அந்தப் பனிப்புயலிலேயே செத்துப்போகிறாள் அக்கா. பிள்ளையும்தான். அடுத்த அத்தியாயத்தில் புருசன் வேறு கலியாணம் செய்கிறான்.

மாதாவின் பேரில் பொய்ச்சத்தியம் செய்துவிட்டு, அந்த ஞாயிறு கோயிலில் என்ன சொல்லி மன்றாடினீர்களோ! என்னிடம் கடைசிவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மாமியார் சண்டை, கருகிய மீன், கம்பளி நூல் ஒன்றும் அச்சில் இல்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஹெல்கா அவள். இப்போது எனக்கு மட்டும். எனக்கோ மறதி கூடிக்கொண்டே போகிறது. தன் மகளுக்கு ஹெல்கா என்ன பெயர் வைத்தாள் என்று நேற்று முழுக்க யோசித்தேன், வரவில்லை. கேட்பதற்கு நீங்கள் இல்லை.