பாயின் சீட்டு மெத்தை

காரிமங்கலம் சந்தையில் இன்று வண்டி நின்றதும் ஒருவர் இலவங்காய் மூட்டையைக் கூரைமேல் ஏற்றச் சொன்னார். தூக்கும்போது சாக்கின் அடி கிழிந்தது. வெடித்த காய்களிலிருந்து பஞ்சு வண்டிக்குள் பறந்தது. ஒரு பெண் தும்மினாள். முன்சீட்டுக்காரர் என்னைத் திட்டினார். பஞ்சைத் தட்டிவிட்டபடியே டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். தருமபுரி வந்து சட்டையைக் கழற்றியபோது காலருக்குள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை, பாய். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி இப்போது பெட்ரோலில் ஓடுகிறது. உங்கள் இடத்துக்குப் புதிதாக வந்த டிரைவருக்கு யுத்த காலத்துக் கரி வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உலை இருக்கும், அதில் கரியைக் கொட்டி எரித்து, அந்தப் புகையில்தான் இன்ஜினை ஓட்டினோம் என்றால் சிரிக்கிறார். கிளீனர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அந்த வேலையும் கண்டக்டரான என் தலையில் விழுந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி நீங்கள் உலைக்குள் விடுவீர்கள். காற்றடிக்கும் கைப்பிடியை நான் அரைமணி நேரம் சுற்றுவேன். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். "எறங்கி நடங்கம்மா, மேல போயி ஏறிக்கலாம்" என்று நீங்கள் குரல் கொடுத்தால் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். உங்கள் குரல் அப்படி.

டிரைவர் சீட்டின் தோல் கிழிந்து சுருள் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டதற்கு யுத்தம் முடியட்டும் என்றார். சாக்கை மடித்துப் போட்டு ஓட்டினீர்கள். ஒருநாள் சேலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உங்களால் இறங்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. தோளில் கை கொடுத்து நான்தான் இறக்கினேன். அன்று சாயங்காலம் உங்களை வீடு வரை கொண்டுவந்து விட்டபோதுதான் பாயம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

"சீட்டுக்கு ஒரு மெத்தை தெச்சுக்கலாங்களே" என்றார்கள்.

"துணிக்கு எங்க போறது? ரேஷன்ல குடுக்கறது தலகாணி உறைக்கே பத்தாது" என்றீர்கள்.

உள்ளே தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அதத் தொடாத."

"பூச்சி தொடுதுங்க. நாம தொட்டா என்ன?"

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று மறுநாள் வண்டியில் சொன்னீர்கள். ஒரே பையன். பினாங்கில் ஜவுளிக் கடை வேலைக்குப் பதினேழு வயதில் கப்பலேறினான். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு கடிதம் நின்றுபோனது. அவன் விட்டுப்போன சட்டைகள்தான் பெட்டியில். "அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் பொரை. கையால தடவித்தான் அவனப் பாக்கறா" என்றீர்கள். தொப்பூர் இறங்கியதும், "அவ சொன்னபடியே தெச்சுக்கலாம்ப்பா" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் வண்டி ஓடாது. நீங்கள் தொழுதுவிட்டு வந்ததும் நானும் வந்துவிடுவேன். பாயம்மா அதற்குள் சட்டைகளைத் துவைத்துக் காயவைத்திருப்பார்கள். வண்டிச் சாக்கிலிருந்து இரண்டு கை கரி எடுத்து வந்து இஸ்திரிப் பெட்டியில் போட்டு நான் தேய்த்தேன். தீர்ந்துபோன டிக்கெட் புத்தகத்தின் அட்டையை நான்கு விரல் அகலத்துக்குச் சதுரமாக வெட்டி, அதையே அளவாக வைத்துக்கொண்டோம். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, மொத்தம் முப்பத்தாறு துண்டு.

முதல் சட்டையை விரித்து வைத்துக் கத்தரியைக் கையில் எடுத்தீர்கள். அவ்வளவு பெரிய ஸ்டீரிங்கைத் திருப்புகிற கை, பாய். அந்த மெல்லிய துணிக்கு முன்னால் அது நகரவில்லை.

"நீயே வெட்டுப்பா" என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டீர்கள்.

"நூல் பிடிச்சு வெட்டு தம்பி" என்றார்கள் பாயம்மா. அன்றைக்குக் கதவுக்கு இப்பால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "கோணலா வெட்டுனா தெச்ச பொறவு இழுத்துக்கும். அவன் இந்தச் சட்டைக்குள்ள இனி நொழைய மாட்டான், பயப்படாத. ஆளு வளந்திருப்பான்ல?"

வெட்டிய துண்டுகளைப் பாயில் பரப்பி அடுக்கியது அவர்கள்தான். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார்கள். "இது மூணாங் கிளாஸ்ல போட்டது. இது ரமலானுக்கு எடுத்தது, ஒருநாள்தான் போட்டான், கொழம்பு கொட்டிக்கிட்டான்." கொட்டிய கறை எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. நீலக்கோடு போட்ட பள்ளிக்கூடச் சட்டையில் பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருந்தது. அதை வீணாக்காமல் ஒரு துண்டாக எடுத்து, மூன்றாம் வரிசையில் வைத்தோம். ஓரங்களுக்கு உங்கள் பழைய காக்கி. குறைந்த இரண்டு துண்டுக்கு என் காக்கிச் சட்டையின் முதுகைக் கொடுத்தேன். "உன்னையும் சேத்துக்கிட்டோம் பாத்தியா" என்று சிரித்தீர்கள்.

துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பிறகு அடியில் பழைய வேட்டி, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு, மேலே இது என்று மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட வேண்டும். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது நான்; தைப்பது நீங்களும் நானும். "நடுவுலேர்ந்து ஓரத்துக்குப் போங்க. ஓரத்துலேர்ந்து வந்தா நடுவுல பொடச்சுக்கிட்டு நிக்கும்." நாம் தைத்து முடித்த இடத்தை அவர்கள் விரலால் ஓட்டிப் பார்ப்பார்கள். தையல் தள்ளித் தள்ளி இருந்தால் பிரிக்கச் சொல்வார்கள். உங்களுடையதைத்தான் அதிகம் பிரித்தோம். நான்கு வெள்ளிக்கிழமை ஆயிற்று. பின்பக்கத்துக்குக் காக்கிக் கால்சட்டைத் துணி வைத்து மூன்று பக்கம் மூடி, நான்காம் பக்கம் கட்டிக்கொள்ள நாடா தைத்து, உள்ளே இலவம்பஞ்சை அடைத்தோம்.

"யுத்தம் முடியட்டும், கப்பல் வரும்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருமுறை சொல்வீர்கள். பாயம்மா அடுத்த தையலை விரலால் ஓட்டிப் பார்ப்பார்கள்.

யுத்தம் முடிந்தது. கப்பலும் வந்தது. காரிமங்கலத்துப் பக்கத்து ஆள் ஒருவர் பினாங்கிலிருந்து திரும்பினார் என்று கேட்டு நீங்களும் நானும் போய்ப் பார்த்தோம். அந்தக் கடை இருந்த தெருவில் குண்டு விழுந்ததாகச் சொன்னார். பையனைப் பற்றித் தெரியாது என்றார். திரும்பும்போது, "அவகிட்ட தெருவப் பத்திச் சொல்லாத, தெரியலன்னு மட்டும் சொல்லு" என்றீர்கள். அப்படியே சொன்னேன். நீங்கள் சொல்லச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றது நானாகச் சொன்னது.

புரட்டாசியில் உங்களுக்கு நெஞ்சில் வலி வந்தது. இத்தனை வருஷக் கரிப்புகை என்றார் டாக்டர். வண்டி ஓட்டக்கூடாது என்றார். மெத்தையைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். "சீட்டுலயே கெடக்கட்டும்ப்பா. நான் திரும்பி வந்து உக்காரணும்ல. நீ பாத்துக்க" என்றீர்கள்.

பாய், நான் பார்த்துக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை. சேலம் போகிற வண்டி. தொப்பூரில் ஒரு குடும்பம் கையைக் காட்டி நிறுத்தியது. பிரசவ வலியில் ஒரு பெண், அவள் புருஷன், மாமியார். இரண்டு நாளாகக் குழந்தை வெளியே வரவில்லையாம். அவளை ஏற்றிப் படுக்கவைப்பதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. கரி நனைந்து உலை அணைந்திருந்தது. சாக்கின் நடுவிலிருந்து கொஞ்சம் காய்ந்த கரி கிடைத்தது. மண்ணெண்ணெயும் அடியில் கொஞ்சம் இருந்தது. கொளுத்தத் துணி இல்லை. என் சட்டையும், கூரை ஒழுகியதில் எல்லோருடைய துணியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. தீக்குச்சி ஒன்றொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "ஏதாச்சும் பண்ணுங்க சாமி, புள்ள செத்துருவா" என்று மாமியார் என் காலைப் பிடித்தாள்.

காய்ந்த துணி வண்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மாற்று டிரைவரை எழுந்திருக்கச் சொன்னேன். நாடாவை அவிழ்க்கப் பொறுமையில்லை, பிய்த்தேன். நாம் நெருக்கமாகத் தைத்திருந்தோம், எவ்வளவு இழுத்தும் கிழியவில்லை. பல்லால் கடித்துத்தான் கிழித்தேன். மண்ணெண்ணெயில் நனைத்து உலைக்குள் விட்டேன். அது நன்றாகப் பற்றிக்கொண்டது. நீலக்கோட்டுத் துண்டு சுருண்டதை நான் பார்த்தேன். அதற்குள் பஞ்சையும் அள்ளிப் போட்டேன். கைப்பிடியைச் சுற்றினேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஓமலூர் தாண்டும்போது அந்தப் பெண்ணின் முனகல் நின்றுபோனது. மாமியார் ஓலமிட்டாள். சேலம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது புருஷன்காரன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

அதை எரித்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நீங்களாக இருந்தாலும் எரித்திருப்பீர்கள். வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அதுதான். மறுநாள் வந்தேன். "மெத்த பத்தரமா இருக்குதா?" என்று படுக்கையிலிருந்து கேட்டீர்கள். முகம் வற்றிப்போயிருந்தது. "இருக்குதுங்க பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் கேட்டீர்கள். நானும் அதையே சொன்னேன். மார்கழியில் ஒருநாள், "நான் இனி வண்டி ஏற மாட்டேன்னு எனக்கே தெரியுதுப்பா. அதக் கொண்டாந்து குடு. முதுகுக்கு வெச்சுக்கறேன்" என்றீர்கள்.

நான் சந்தையில் தையற்காரரிடம் துண்டுத்துணி கேட்டு வாங்கினேன். நீலக்கோடு போட்ட துணி வேண்டுமென்று அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் என் அண்ணன் மகன் சட்டையையே வெட்டினேன். என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நாள் தைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் தைத்தது. நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் போனேன். முடித்ததும் கரித்தூளைத் தேய்த்து, இன்ஜின் எண்ணெய் தடவி, தரையில் போட்டு மிதித்துப் பழசாக்கினேன். அதைச் செய்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நீங்கள் அதை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டீர்கள். "கரி வாசம் போவல பாரு" என்றீர்கள். அறையில் வெளிச்சம் போதவில்லை. காய்ச்சலில் உங்கள் கண்ணும் மங்கியிருந்தது. பாயம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். விரல்கள் முதல் வரிசையில் ஓடின. இரண்டாவது வரிசையில் மெதுவாயின. நடுவில் வந்து அப்படியே நின்றுவிட்டன. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் பள்ளிக்கூடச் சட்ட எங்க? பை இருந்த துண்டு?" என்று அவர்களைக் கேட்டீர்கள்.

பாயம்மா மறுபடி ஒருமுறை அந்த வரிசைகளைத் தடவினார்கள். பிறகு உங்கள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மூன்றாம் வரிசையில் ஏதோ ஒரு துண்டின்மேல் வைத்தார்கள்.

"இங்க இருக்குதுங்க" என்றார்கள்.

நீங்கள் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கியது. நம்பித்தான் அழுதீர்களா, தெரிந்துதான் அழுதீர்களா, பாய்? தை பிறந்து பத்தாம் நாள், அதன்மேல் முதுகைச் சாய்த்தபடியே போய்விட்டீர்கள்.

நான்கு மாத இத்தாத் துக்கம் கழிந்து பாயம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அரூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதற்காகச் சாமான் கட்டியிருந்தார்கள். தகரப்பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. மெத்தை உறையைத் துவைத்து, மடித்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து என் கையில் வைத்தார்கள்.

"நீயே வெச்சுக்க தம்பி. இதுல என் புள்ள இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் நிஜமில்லை. அவர்கள் கேட்க வாய் திறப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் என் கால் பரபரத்தது.

நாம் வெட்டாமல் வைத்திருந்தால் அந்தச் சட்டைகள் பெட்டியிலேயே இருந்திருக்கும். பூச்சி அரித்தாலும் அவர்கள் தடவிப் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கும். கத்தரி பிடித்தது என் கை, கொளுத்தியதும் என் கை. அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை. பினாங்கிலிருந்து இன்றுவரை ஒரு காகிதம் வரவில்லை.

உறை என்னிடம்தான் இருக்கிறது. உட்காரவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. இந்த மடலைப் படிக்க நீங்கள் இல்லை. படித்துக் காட்டினால் கேட்க அரூரில் அவர்கள் இருக்கிறார்கள். காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். நான் போக மாட்டேன், பாய்.